குளக்கரையில் பிரிக்க வேண்டிய புத்தகம்

கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் ஆசிரியர் அறையின் நீள மேசைமேல் மாதிரிப் பிரதிகள் குவிந்து கிடந்த காலத்தைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதிப்பகத்தின் பிரதிநிதி சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பஸ் பிடித்து வந்து, கனத்த ரெக்சின் பையைக் கதவோரம் இறக்கி வைத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "சார், நம்ம புக்குல எட்டு யூனிட்டும் யுஜிசி சிலபஸ் வரிசையிலேயே இருக்கு, ஒரு தடவ புரட்டிப் பாருங்க" என்பார். நாங்களும் புரட்டுவோம், தையல் கட்டா பசைக் கட்டா என்று முதுகை விரித்துப் பார்ப்போம், படங்களில் மை தீற்றியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம், பின்னட்டையில் விலையைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு இது கட்டுப்படியாகுமா என்று கூடிப் பேசுவோம், அதற்குள் டீ வந்துவிடும், பேச்சு இன்னும் ஒரு சுற்று நீளும். இப்போது அதே ஜூனில் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து சேர்கிறது, இரண்டு நிமிடத்தில் எல்லாரும் சரி என்று விடுகிறார்கள். வேகம் நல்லதுதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி நடந்த பேச்சுக்கு என் மனம் இன்னும் ஏங்குகிறது.

மற்றப் பாடங்கள் அந்தப் பேச்சு இல்லாமலும் சமாளித்துக்கொள்ளும். பென்சீன் வளையம் பாளையங்கோட்டையிலும் பெர்லினிலும் ஒன்றேதான். வரவு செலவுக் கணக்கின் இரட்டைப் பதிவும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. சுற்றுச்சூழல் அறிவியலோ நிற்கிற மண்ணைக் கேட்டுக்கொண்டு பேச வேண்டிய பாடம். புத்தகத்துக்குள் இருக்கும் குளமும் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குளமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அப்படி ஒரு புத்தகத்தைத் தேடியே என் ஆசிரிய வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. கழிந்த விதத்தில் எனக்கு மகிழ்ச்சியே.

1970களின் கடைசியில் நான் விலங்கியல் முதுகலை படித்தபோது தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே எழவில்லை, இருந்தது ஒரே புத்தகம். யூஜீன் ஓடம் எழுதிய 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் எக்காலஜி', 1953-இல் முதலில் வெளிவந்து, சூழலியலைத் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் பின்கட்டாக இருந்த நிலையிலிருந்து தனிப் பாடமாக எழுந்து நிற்க வைத்த நூல். எங்கள் நூலகத்தில் இருந்தது 1971-இன் மூன்றாம் பதிப்பு, ஒற்றைப் பிரதி, ரெஃபரன்ஸ் அலமாரியில். வீட்டுக்குத் தரமாட்டார்கள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் அதற்கு இடம் பிடிப்பவன் அன்றைக்கு ராஜா. மற்றவர்கள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு, படங்களை ஹெச்பி பென்சிலால் நோட்டில் வரைந்துகொண்டு, "பக்கத்தத் திருப்பாதடா, ஒரு நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டிருப்போம். ஓரங்களில் எங்களுக்கு முந்தைய ஆண்டுகளில் படித்தவர்களின் பென்சில் எழுத்து இருக்கும். ஒருவர் கேள்விக்குறி போட்டிருப்பார், இன்னொருவர் அதற்குக் கீழே பதில் எழுதியிருப்பார், மூன்றாமவர் இருவரையும் மறுத்திருப்பார். முகம் தெரியாத அந்த அண்ணன்களோடு சேர்ந்து படித்த உணர்வை இன்றைக்கு எந்தத் திரையிலும் நான் பெற்றதில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு பிரமிடு உண்டு, ஓடமைப் படித்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அடியில் இரண்டு கோடி குதிரைமசால் செடிகள், நடுவில் அவற்றைத் தின்று வளரும் நாலரைக் கன்றுக்குட்டிகள், உச்சியில் அந்தக் கன்றுகளின் இறைச்சியால் வளரும் 12 வயதுப் பையன் ஒருவன். அமெரிக்கப் பண்ணையில் வளர்ந்த அந்தப் பையன் எங்கள் விடுதி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எங்களைத் தூங்கவிடவில்லை. இந்தப் பிரமிடை நம் வயலில் நட்டால் எப்படி இருக்கும் என்று விளக்கு அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருப்போம். அடியில் நெல், மேலே வெட்டுக்கிளி, அதற்கு மேல் தவளை, அதற்கு மேல் தண்ணீர்ப் பாம்பு, உச்சியில் பருந்தா கீரியா என்பதில் அறை இரண்டாகப் பிரியும். ரேமண்ட் லிண்ட்மன் 1942-இல் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு சிறு ஏரியை வைத்து விளக்கிய ஆற்றல் கணக்கு, ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறுகிறது என்ற கணக்கு, அந்தச் சண்டையில்தான் எங்களுக்குப் புரிந்தது. வயல் நிறைய நெல்லும் வரப்பெல்லாம் தவளையும் இருக்க, வானத்தில் மட்டும் ஒன்றோ இரண்டோ பருந்து ஏன் வட்டமிடுகிறது என்பதற்கு விடை கிடைத்த இரவு அது. புத்தகம் அயலூருடையது, கேள்வி எங்களுடையது. இளமைக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பேராசிரியரோ வெளியே போகும் நாட்களில் ஓடமைத் தொடமாட்டார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியச் சூழலியலுக்கு அடித்தளம் போட்ட ராம்தேவ் மிஸ்ரா 1968-இல் வெளியிட்ட 'எக்காலஜி ஒர்க்புக்'கைக் கையில் எடுத்துக்கொள்வார். நான்கு குச்சி, ஒரு சணல் கயிறு, மீட்டருக்கு மீட்டர் சதுரம். அதற்குள் என்னென்ன செடி, எத்தனை என்று எண்ண வேண்டும். கோரையும் அறுகும் நெருஞ்சியும் கீழாநெல்லியுமாக எங்கள் காலடியில் கிடந்தவையெல்லாம் அன்றைக்குத்தான் பெயரோடு எழுந்து நின்றன. அடுத்து குளத்துத் தண்ணீர். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்து, ஒரு குமிழி கூட உள்ளே தங்காமல் நிரப்ப வேண்டும். பிப்பெட்டின் நுனியை உள்ளே விட்டு மாங்கனஸ் சல்ஃபேட், அதன் பின் காரம் கலந்த அயோடைடு. மூடியை அழுத்தித் தலைகீழாகப் புரட்டினால் பாட்டிலுக்குள் பழுப்பு மேகம் ஒன்று எழும்பி, மெல்லக் கீழே படியும். அந்தப் பழுப்புதான் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். பிறகு அமிலம், ஹைப்போ, ஸ்டார்ச். கடைசிச் சொட்டில் நீலம் பொசுக்கென்று மறையும்போது வாசிப்பைக் குறிக்க வேண்டும். விடியற்காலையில் எடுத்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும், வெயில் ஏறிய பிற்பகலில் எடுத்ததில் அதிகமாகவும் இருந்தது. இரவெல்லாம் குளத்தில் இருக்கும் உயிர்கள் அத்தனையும் மூச்சு விட்டுக் கரைத்ததைப் பகலில் பாசி மறுபடி நிரப்புகிறது என்று பேராசிரியர் சொன்னபோது, குளத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்றே சொல்வேன்.

வேலைக்கு வந்த பிறகு புத்தகம் தேடுவது ஒரு சந்தோஷமான நோயாகவே பிடித்துக்கொண்டது. சென்னைக்கு எந்தக் காரியமாகப் போனாலும் கால்கள் தாமாக மூர் மார்க்கெட்டுக்குப் போகும், 1985-இல் அது தீக்கிரையாகும் வரைக்கும். பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் வந்த இ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகள், அமெரிக்க உதவியில் இந்தியாவிலேயே அச்சான பாடநூல்கள், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சியில் சில ரூபாய்க்குக் கிடைத்த, கெட்டி அட்டையும் தடித்த தாளும் கொண்ட மாஸ்கோ புத்தகங்கள் எல்லாம் சேர்ந்துதான் எங்கள் தலைமுறை ஆசிரியர்களின் அலமாரியை நிரப்பின. மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை மடித்து வைத்துக்கொண்டு கடைக்கடையாக ஏறி இறங்கியவர்கள் இதைப் படித்தால் அந்த வெயிலும் அந்தத் தூசியும் அவர்களுக்கும் நினைவு வரும்.

1984 டிசம்பரில் போபால் நடந்தது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். கையிலிருந்த புத்தகங்களில் 1952-இன் லண்டன் புகைமூட்டம் இருந்தது, ஜப்பானின் மினமாட்டா இருந்தது. நம் நாட்டில், நம் கண்ணெதிரே, ஓர் இரவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற மெத்தில் ஐசோசயனேட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை, இருக்கவும் வழியில்லை. அன்றிலிருந்து நாளிதழ்களைக் கத்தரித்துப் பழைய கணக்குப் பேரேட்டில் ஒட்டத் தொடங்கினேன். சைலன்ட் வேலி தேசியப் பூங்கா முறைப்படி திறக்கப்பட்ட செய்தி, 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் மீது 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என்று பேரேடு பருத்துக்கொண்டே போனது. அனில் அகர்வாலின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1982-இல் கொண்டுவந்த குடிமக்கள் அறிக்கை என் கைக்குக் கிடைத்ததும் இதே காலத்தில்தான். விறகு சுமக்கும் பெண்ணும் மேய்ச்சல் நிலம் இழந்த ஆட்டுக்காரரும் சூழலியலின் நடுப்பக்கத்துக்கு வரலாம் என்பதை அது காட்டியது. பாடநூல் என்று அட்டையில் போடாத அந்த இரண்டிலிருந்துதான் அந்த ஆண்டுகளில் நான் அதிகம் நடத்தினேன்.

பிறகு நீதிமன்றம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று, சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலையிலும் கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு கல்லூரி வாசலுக்கு வந்து சேர ஆண்டுகள் பிடித்தன. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி வற்புறுத்திய பிறகே, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடம் எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் உரியதாயிற்று. எட்டு அலகுகள், 50 பாடவேளைகள், அவற்றில் 45 வகுப்புக்குள்ளே, 5 வெளியே. நூறு மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது அந்த 25-ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தமிழ் இலக்கியம், வணிகவியல், கணினி என்று எந்தப் பிள்ளையானாலும் குளக்கரைக்கு வந்தே தீரவேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் வழியாகவே வந்த வாய்ப்பு அது.

புத்தகச் சந்தை ஒரே ஆண்டில் பொங்கி வழிந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன நீள மேசை அதன் உச்சத்தைக் கண்டது அப்போதுதான். அமெரிக்க ஆசிரியர் டைலர் மில்லரின் 'லிவிங் இன் தி என்விரான்மென்ட்' வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு கண்ணைப் பறித்தது. எழுத்தும் தெளிவு. ஆனால் மாதம் முழுக்கப் பஸ் பாஸில் வரும் பிள்ளையால் அந்த விலையை நினைத்துப் பார்க்க முடியாது. நினைத்தாலும், அந்தப் படங்களில் இருப்பது வேறொரு கண்டத்தின் காடு, வேறொரு கண்டத்தின் ஏரி. உள்நாட்டில் அவசரமாக அச்சேறியவற்றில் பல, அட்டையை மாற்றிவிட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதவை. எட்டு அலகு, அதே தலைப்புகள், அதே புல், அதே வெட்டுக்கிளி, அதே பாம்பு. களப்பணிக்கான எட்டாம் அலகுக்கு வந்ததும் அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள். அப்படி அரைப் பக்கத்தில் முடித்த புத்தகங்களை நான் தயங்காமல் மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினேன்.

மிஞ்சியது மானியக் குழுவுக்காக ஏராக் பரூச்சா எழுதிய புத்தகம். புனேயின் பாரதி வித்யாபீடத்தைச் சேர்ந்த அவர் தொழிலால் அறுவை மருத்துவர், வாழ்நாள் முழுக்கக் காடு சுற்றியவர். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. முதல் அலகிலேயே மாணவனிடம் ஒரு வேலை கொடுக்கிறார்: ஒரு வாளித் தண்ணீரையோ, சாப்பிடும் ஒரு பொருளையோ, ஒரு மேசையையோ எடுத்துக்கொள், அது உன் வீட்டுக்கு வந்த வழியைப் பின்னோக்கி, இயற்கையில் அது தோன்றிய இடம் வரைக்கும் தொடர்ந்து போ என்கிறார். வாளித் தண்ணீரைத் தொடர்ந்து போனால் எங்கள் பிள்ளைகள் நேரே பொதிகைக்குப் போய் நிற்பார்கள். வழியில் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும், கால்வாய் நிரப்பும் குளங்களையும் கடந்தாக வேண்டும். அந்த ஒரு பயிற்சிக்காகவே அந்தப் புத்தகத்துக்குக் கை தூக்கினேன். மானியக் குழுவின் இணையதளத்தில் அதை இலவசமாகவும் போட்டிருந்தார்கள்; அச்சுப் பிரதி வாங்க முடியாதவர்கள் வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு என்ன செய்வது? வகுப்பில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நாங்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து கோடை விடுமுறையில் உட்கார்ந்து தமிழில் ஒரு கைப்புத்தகம் எழுதினோம். தமிழில் இயற்கையை எழுதக் கற்றுக்கொடுத்த ம. கிருஷ்ணனின் கட்டுரைகளையும் தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகளையும் உடன் படிக்கச் சொன்னோம். பறவையைப் பற்றியும் காட்டைப் பற்றியும் இப்படி எழுதலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது எங்கள் ஆசை. பல்லுயிர்ப் பெருக்கம் என்ற அலகுக்குக் கூந்தன்குளத்தை எடுத்துக்கொண்டோம். மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிரம்பும் அந்தக் குளத்துக்கு மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்ட வரும், இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வரும். குளத்தோடு நிற்காமல் ஊருக்குள்ளே வீட்டுக் கொல்லை மரங்களிலும் நாரை கூடு வைக்கும், ஊர்க்காரர்கள் விரட்டமாட்டார்கள். எச்சம் ஊறிய குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு எரு. சூழல்மண்டலம், சத்துச் சுழற்சி, சமூகப் பங்கேற்பு என்று மூன்று அலகில் தனித்தனியே கிடந்தவை இந்த ஓர் ஊரில் ஒன்றாகக் கிடைத்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, சுருள் கம்பி போட்டுக் கட்டி வந்த முதல் பிரதியை நாங்கள் எல்லாரும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு களப்பணியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வணிகவியல் படித்த ஒரு மாணவி; வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஊருக்கு வெளியே ஒரு குளத்தின் கரையில் நின்று, கலங்கலைக் காட்டி, உபரி நீர் இதன் வழியாக வெளியேறும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மெல்ல, "சார், மறுகால் பாஞ்சா அது வெளிய போற தண்ணியில்ல, கீழக் குளத்துக்கு அதுதான் வரத்து" என்றாள். அவள் அப்பா நீர்ப்பாய்ச்சி. கார் சாகுபடிக்கு மடையை எத்தனை நாள் திறப்பார்கள், பிசானத்துக்கு எப்போது, மேலக் குளத்துக்காரர்கள் அடைத்து வைத்தால் கீழக் குளத்துக்காரர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள், மீன் ஏலத்தில் வரும் பணத்தில் கரையை எப்படிப் பலப்படுத்துவார்கள் என்று அவள் அரை மணி நேரம் பேசினாள். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் குறிப்பெடுத்தேன். அடுத்த ஆண்டுக் கைப்புத்தகத்தில் நீர்வளம் பற்றிய பகுதி அவள் சொன்ன வரிசையிலேயே எழுதப்பட்டது.

அதே கரையில் நான் என் பேராசிரியர் செய்துகாட்டிய சோதனையைச் செய்துகாட்டினேன். குளத்தின் நடுப்பக்கத் தண்ணீரில் பழைய பழுப்பு மேகம் எழுந்தது. ஊர்ச் சாக்கடை வந்து விழும் மூலையில் எடுத்த பாட்டிலில் அது வெள்ளையாகவே நின்றது. ஆக்சிஜன் அறவே இல்லை என்பதற்கு அந்த வெள்ளை சாட்சி. பிள்ளைகள் யாரும் பேசவில்லை. பாட்டிலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். மாசு பற்றிய எட்டுப் பாடவேளைகள் செய்யாததை அந்தப் பாட்டில் செய்தது.

இன்றைக்கு ஓய்வு பெற்றவனாக உட்கார்ந்து பார்க்கும்போது, பிள்ளைகளின் கையில் இருக்கும் வசதிகள் என்னை வியக்க வைக்கின்றன, பொறாமைப்படவும் வைக்கின்றன. சலீம் அலியின் 'புக் ஆஃப் இண்டியன் பேர்ட்ஸ்' ஒற்றைப் பிரதிக்காகக் காத்திருந்த எனக்கு, குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் செயலி ஓர் அதிசயம். ஒரு குளம் 20 ஆண்டுகளில் எப்படிச் சுருங்கியது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் விரலால் இழுத்துப் பார்க்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணி ஒரே இடத்தில் பதிவு செய்கிறார்கள். கூந்தன்குளம் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வெளியான அன்றே என் பழைய மாணவர்கள் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் எதையும் நான் இழக்கச் சம்மதிக்கமாட்டேன்.

புத்தகங்கள் விரைவில் முதுமையடைகின்றன என்பதும் இந்தப் பாடத்தில் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது. மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 315 பங்கு. நான் முதுகலை படித்தபோது ஏறக்குறைய 335. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பாறுக் கழுகின் கதை இன்னும் வேதனை. எங்கள் காலப் புத்தகங்களில் பிணம் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் சாதாரணப் பறவை என்று அதற்கு இரண்டு வரி. 1990களில் அது கூட்டம் கூட்டமாக மறைந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபீனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்பது 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தர இந்தியா தடை போட்டது. இப்போது தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். சாதாரணப் பறவை என்ற வரியை இன்றும் அப்படியே அச்சிடும் புத்தகத்தை நான் கையில் எடுக்கமாட்டேன். திரையில் இருக்கும் புத்தகத்தை ஒரு நாளில் திருத்தலாம் என்பது இந்தக் காலத்தின் பெரிய கொடை.

ஆனால் அந்தக் கொடை வந்த வழியில் ஐந்து மணி நேரம் தொலைந்துபோனது. வெளியே போக வேண்டிய அந்த ஐந்து பாடவேளைகளைச் சொல்கிறேன். இரண்டு மதிப்பெண் கேள்விகளும் பதில்களும் அடங்கிய மெல்லிய கைடு ஒன்று ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. தேர்வுக்கு அது போதும். களப்பணி அறிக்கையை இணையத்திலிருந்து படம் எடுத்து ஒட்டி, சுருள் கட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. பல கல்லூரிகளில் இப்படித்தான் என்று என்னிடம் வருத்தத்தோடு சொல்கிறவர்கள் நல்ல ஆசிரியர்களே. பஸ்ஸுக்குப் பணம் இல்லை, அனுமதி வாங்க நாளாகிறது, கால அட்டவணையில் இடமில்லை, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மை. எங்களுக்கும் அவை இருந்தன. நாங்கள் தூரமாகப் போகவில்லை. கல்லூரி வாசலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு குளமோ ஓடையோ சாக்கடையோ குப்பைமேடோ இல்லாத கல்லூரி நம் ஊரில் உண்டா?

அண்மையில் ஓர் இளம் உதவிப் பேராசிரியர் வீட்டுக்கு வந்திருந்தார். பாடத்திட்டக் குழுவில் அவரைப் போட்டிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்தை வைக்கலாம், ஐயா, என்று கேட்டார். மானியக் குழு 2023-இல் புதிய வழிகாட்டுதல் தந்திருக்கிறது, இப்போது பாடம் நான்கு கிரெடிட்; காலநிலை மாற்றம் விரிவாக வந்திருக்கிறது, களப்பணியும் தொடர்கிறது. நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து பிரியுங்கள். மாணவனை வெளியே அனுப்பும் பக்கங்கள் எத்தனை, அவை செய்யக்கூடியவையா என்று பாருங்கள். கரியமில வாயுவின் அளவும் பாறுக் கழுகும் எந்த ஆண்டில் நிற்கின்றன என்று பாருங்கள். உங்கள் மாவட்டத்தின் பெயர் ஒரு தடவையாவது வருகிறதா என்று தேடுங்கள். வரவில்லையென்றால் இருபது பக்கம் நீங்களே எழுதுங்கள். எழுத உட்காரும் முன் மாணவர்களோடு ஒரு தடவை குளத்துக்குப் போய்வாருங்கள். நீர்ப்பாய்ச்சியின் மகளோ மீன் ஏலம் எடுப்பவரின் மகனோ உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களைப் பேச விடுங்கள். கால அட்டவணையில் அந்த ஐந்து பாடவேளைகளை, வேறு எந்தப் பாடத்துக்கும் விட்டுக்கொடுக்காமல், பேனாவால் எழுதி வையுங்கள்.